அம்மா போனில் சார்ஜ் நிற்கவில்லை: ஆறு இரவுக் கணக்கு

அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு துண்டாகும். திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். மணியைப் பார்த்தால் மதியம் மூன்று, மூன்றேகால். இரண்டு மாதமாக இதே கதை. ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்து காலையில் நூறோடு எழுந்திருக்கும் போன், சாயங்காலக் காபி வரைக்கும் தாங்காது.

“கடைக்காரன் பேட்டரி போயிட்டுன்னு சொல்லிட்டான். 1,400 ரூவா கேக்கான். போட்டுரட்டா?” என்றாள் அம்மா. அடுத்த வாரம் லீவில் ஊருக்குப் போவதாக இருந்தேன். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். நான் வரும்வரை பொறு என்று சொல்லிவைத்தேன்.

கடைக்காரர் மேல் சந்தேகம் என்றில்லை. பேட்டரி போன போனுக்கு வேறு அறிகுறிகள் உண்டு. 30, 40 சதவீதம் இருக்கும்போதே பொசுக்கென்று அணையும், சார்ஜில் போட்டவுடன் திடீரென்று 50 காட்டும், பின்மூடி உப்பும். அம்மாவின் போன் அப்படி எதுவும் செய்யவில்லை. 20, 10, 5, 1 என்று ஒழுங்காக இறங்கித்தான் அணைந்தது. குடம் சின்னதாகிவிட்டதா, இல்லை யாரோ மொண்டுகொண்டே இருக்கிறார்களா என்று பார்க்காமல் புதுக் குடம் வாங்குவானேன்?

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக உப்பல் இருக்கிறதா என்று பார்த்தேன். உறையைக் கழற்றி, போனைக் கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்து மூலையை அழுத்தினால் ஆடக் கூடாது. ஆடவில்லை. விளிம்பில் மூடியும் சட்டமும் சேரும் இடத்தில் பிளவும் இல்லை. உப்பியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது; நேராகக் கடைக்குக் கொடுத்திருப்பேன். உப்பிய லித்தியம் பேட்டரியை வீட்டில் நெம்பி எடுக்கிற வேலை வேண்டாம். கத்தி முனை பட்டால் தீப்பிடிக்கிற சாமான் அது.

அப்புறம் அளவெடுக்கும் வேலை. பகலில் அளந்து பிரயோஜனமில்லை. அம்மா ஒருநாள் சித்தியோடு ஒன்றரை மணி நேரம் பேசுவாள், இன்னொரு நாள் சீரியல் துண்டுகளாகப் பார்த்துத் தள்ளுவாள். யாரும் தொடாத நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால்தான் கசிவு பிடிபடும். அதனால் இரவு 10 மணிக்கு நூறில் வைத்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, காலை 6 மணிக்கு எண்ணைக் குறித்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். ஒயரைப் பிடுங்கியபின் கொஞ்ச நேரத்துக்கு 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் நிறையப் போன்களுக்கு உண்டு. எல்லா இரவும் ஒரே மாதிரி அளந்தால் அந்தப் பிசகு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்துவிட்டுப் போகிறது.

முதல் இரவு எதையும் மாற்றவில்லை. அம்மா வழக்கமாக வைக்கும் இடத்தில், அதாவது வீட்டின் உள்ளறையான அரங்கு வீட்டில், நெல் குலுக்கை இருந்த மூலையில் இப்போது நிற்கும் பீரோவுக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தேன். காலையில் 71. எட்டு மணி நேரத்தில் 29 சதவீதம். சும்மா கிடக்கும் போனுக்கு மணிக்கு அரை சதவீதத்திலிருந்து ஒன்று வரை போனால் சரி. இது மூன்றரைக்கும் மேல். இந்த வேகத்தில் போனால், யாரும் தொடாமலே ஒரு நாள் சொச்சத்தில் காலியாகிவிடும். மேலே பகல் நேரப் பேச்சும் படமும் சேர்ந்தால் மூன்று மணிக்கு அணைவதில் ஆச்சரியமில்லை.

இரண்டாம் இரவு ஃபிளைட் மோடு. “ராத்திரி யாராவது கூப்பிட்டா?” என்று அம்மாவுக்குக் கவலை. என் நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்று சமாதானம் சொன்னேன். காலையில் 87. சிக்னல் தேடும் வேலையே இல்லாதபோதும் 13 போயிருக்கிறது. இரண்டு மூன்றுதான் போயிருக்க வேண்டும். அதாவது நெட் இல்லாவிட்டாலும் உள்ளே யாரோ தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாம் இரவு சேஃப் மோடு. இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. எனக்குத் தெரிந்து பேட்டரித் தகராறுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. எங்கள் போனில் பவர் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் ‘பவர் ஆஃப்’ மேல் விரலை விடாமல் வைத்தால் சேஃப் மோடில் திறக்கட்டுமா என்று கேட்கும். மற்றப் போன்களில் வழி கொஞ்சம் மாறும். அதில் திறந்தால் போனோடு வந்த செயலிகள் மட்டும் ஓடும். நாமாகப் போட்டுக்கொண்ட எதுவும் ஓடாது. அழைப்பு வரும், போகும். காலையில் 90. ஒரு சின்ன எச்சரிக்கை: முகப்புத் திரையில் இருந்த விட்ஜெட்கள் சேஃப் மோடில் காணாமல் போகும். அம்மா காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்து, “ஏல, ராகு காலம் காட்டுற கட்டத்த எங்க?” என்று கேட்டதில் எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது. அந்தக் கட்டம் கதையில் பின்னால் வரும்.

சரி, வெளியிலிருந்து போட்ட செயலிகளை நிறுத்தினாலும் 10 போகிறது. நெட்டை நிறுத்தினால் 13 போகிறது. இரண்டையும் விட்டால் 29. முதல் இரண்டையும் கூட்டினாலே 23தான் வருகிறது. அதிலும் எப்படியும் செலவாகும் அந்த இரண்டு, மூன்று சதவீதம் இரண்டு கணக்கிலும் சேர்ந்திருப்பதால் ஒருமுறை கழிக்க வேண்டும். அப்படியென்றால் இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. சிக்னல் குறைவான இடத்தில் போனின் ரேடியோ அதிகச் சக்தியோடு கத்தித்தான் டவரை எட்ட வேண்டும். செயலி ஒன்று துளியூண்டு தகவல் அனுப்பினாலும் ரேடியோ எழுந்து, அனுப்பி, பிறகு இன்னும் ஏதாவது வருமோ என்று சில நொடிகள் விழித்தே இருந்துவிட்டுத்தான் படுக்கும். நிமிஷத்துக்கு ஒருமுறை எழுப்பினால் அது எப்போது தூங்கும்?

நான்காம் இரவு அதே சேஃப் மோடு. போனை மட்டும் அரங்கு வீட்டிலிருந்து வீட்டு முன்கட்டான தார்சாவுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தேன். காலையில் 95. வேறு எதையும் தொடவில்லை, இடம் மட்டும்தான் மாறியது. செலவு பாதியாகிவிட்டது. எங்கள் அரங்கு வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. சுவர் இரண்டு முழக் கனம். பக்கத்தில் இரும்பு பீரோ. நகையையும் நெல்லையும் பத்திரப்படுத்தக் கட்டிய அறை சிக்னலையும் உள்ளே விட மறுக்கிறது. அம்மா அங்கே வைப்பதற்குக் காரணம் கேட்டேன். வீட்டில் தாத்தா காலத்து ஒயரிங். கட்டிலுக்குக் கிட்டே இருக்கிற ஒரே பிளக் அங்கேதான்.

பக்கத்து வீட்டுப் பையன் அம்மாவுக்கு ஏற்கனவே சில வைத்தியங்கள் சொல்லிக்கொடுத்திருந்தான். ஒன்று, மணிக்கொருமுறை எல்லாச் செயலிகளையும் மேலே தள்ளி மூடுவது. அம்மா இதை வாசல் தெளிப்பது போல ஒழுங்காகச் செய்துவந்தாள். இதனால் பலனில்லை. 2016இல் ஐபோன் வாடிக்கையாளர் ஒருவர் இதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியபோது, ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இல்லவே இல்லை என்று ஒற்றை வரியில் பதில் போட்டார். ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதே சமயத்தில் அதையேதான் சொன்னார். தள்ளி மூடிய செயலியை மறுபடி முதலிலிருந்து ஏற்றத்தான் கூடுதல் செலவு.

இன்னொன்று, திரையைக் கறுப்பாக்குவது. ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி அணைந்தே இருப்பதால் மிச்சம் உண்டு. அதிலும் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021இல் அளந்தபோது, முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சம். நாம் வீட்டுக்குள் வைத்திருக்கும் 30, 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 வரைதான். அம்மாவின் போனோ எல்சிடி. பின்னாலிருக்கும் விளக்கு எப்போதும் எரியும். கறுப்பு என்பது அதன்மேல் போர்த்திய துணி. இரண்டு மாதமாக அம்மா கறுப்புத் திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தது வீண். வெள்ளைக்கு மாற்றி, எழுத்தையும் ஒரு படி பெரிதாக்கினேன்.

ஐந்தாம் இரவுதான் ஆளைப் பிடித்தது. செட்டிங்ஸில் உள்ள பேட்டரிப் பட்டியலை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். திரை, வாட்ஸப், யூடியூப் என்று வரிசையாகக் காட்டியது. அது அம்மா பயன்படுத்தியதன் பட்டியல். தூங்கும்போது நடப்பது அதில் சரியாகப் பிரிந்து வராது. அதனால் லேப்டாப்பை எடுத்தேன். பில்டு நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங்கை அனுமதித்து, லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி வழியாக, பேட்டரிஸ்டாட்ஸ் என்று போன் தானே எழுதிவைக்கும் பேட்டரிச் செலவுக் கணக்கை ரீசெட் செய்து, ஒயரைப் பிடுங்கி, மறுபடி அதே அரங்கு வீட்டு மாடத்தில், எல்லாச் செயலிகளும் ஓட விட்டு வைத்தேன். காலையில் 72. முதல் இரவோடு ஒத்துப்போகிறது, நல்லது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி எடுத்தால் இந்தக் கணக்கு அழிந்துவிடும். அதனால் பல்கூட விளக்காமல் போனை லேப்டாப்பில் சொருகி, டம்ப்சிஸ் பேட்டரிஸ்டாட்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, வந்ததை ஒரு கோப்பில் கொட்டிக்கொண்டேன்.

ஆயிரக்கணக்கான வரிகள் வரும். பயப்பட வேண்டாம், தேட வேண்டிய சொல் ஒன்றுதான், வேக்லாக். திரை அணைந்தபின் போன் தூங்கப் போகும். தூங்காதே, எனக்கு வேலை இருக்கிறது என்று ஒரு செயலி பிடித்துவைக்கும் கொக்கிக்குத்தான் அந்தப் பெயர். பாட்டு கேட்கும்போது, ஏதாவது இறக்கும்போது அது தேவை. வேலை முடிந்ததும் கொக்கியை எடுத்துவிட வேண்டும். செயலியின் பெயருக்குப் பதில் யூ0ஏ217 என்பது போன்ற எண்தான் அங்கே இருக்கும். எந்த எண் எந்தச் செயலி என்று தெரிய, செயலிப் பட்டியலை எண்ணோடு கேட்டு ஒப்பிட வேண்டும்.

எட்டு மணி நேரத்தில் என் கண்ணில் பட்டவை மூன்று. காலை வணக்கப் படங்கள் தரும் செயலி ஒன்று: 31 நிமிஷம் விழித்திருந்தது, நடுராத்திரியில் மொபைல் டேட்டாவில் 38 எம்பி இறக்கியிருந்தது. நாளைக்குக் காட்டப்போகும் பிள்ளையாரையும் ரோஜாப்பூவையும் விட விளம்பரங்கள்தான் அதில் அதிகம் இருந்திருக்கும். இலவசச் செயலிகளின் உள்ளே மின்சாரம் எங்கே போகிறது என்று 2012இல் பர்டியூவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, 65 முதல் 75 சதவீதம் வரை விளம்பரம் போன்ற வெளியார் துண்டுகளிலேயே கரைந்தது. இது அந்தக் காலத்துப் போன்களின் கணக்கு. அம்மாவின் செயலியைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டாவது அந்த ராகு காலக் கட்டம். பஞ்சாங்கச் செயலி. 47 நிமிஷம், 212 முறை அலாரம் வைத்து எழுந்திருக்கிறது. அது இருப்பிடம் கேட்பதில் நியாயம் உண்டு: ராகு காலமும் லக்னமும் சூரிய உதயத்தை வைத்துத்தான், உதயம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எங்கள் ஊர் ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்து தென்காசிக்குப் போய்விடாது. ஊரை ஒருமுறை கையால் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, இருப்பிட அனுமதியைப் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றினேன். இந்த இடைப்பட்ட அனுமதி 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோதுதான் வந்தது. அதற்கு முன்னால் உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்.

மூன்றாவதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வேக்லாக் 5 மணி 52 நிமிஷம். ஜிபிஎஸ் 4 மணி 10 நிமிஷம். எண்ணைத் தேடிப் பெயரை எடுத்தால், அது குடும்பத்தார் இருப்பிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் செயலி. அம்மாவைக் கூப்பிட்டு, இதை யார் போட்டது என்று கேட்டேன்.

“அது நீ போட்டுக் குடுத்ததுல்லா? அறுபடை வீட்டுக்கு பஸ்ஸுல போகும்போது?”

ஆமாம். போன மாசியில் அம்மா சங்கத்துப் பெண்களோடு அறுபடை வீடு போனபோது, பஸ் எங்கே போகிறது என்று சென்னையிலிருந்து பார்க்க நான்தான் போட்டேன். துல்லியமான இருப்பிடம், நிமிஷத்துக்கு ஒருமுறை, பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு என்று மூன்றையும் நானே தட்டிக் கொடுத்தேன். பழனியில் இருந்து திருத்தணி வரை அந்த நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வீடு திரும்பிய அன்றைக்கு என் பக்கத்தில் செயலியை நீக்கிவிட்டேன். அம்மாவின் போனில் அது வேலையை நிறுத்தவில்லை. பார்க்க ஆளில்லாத புள்ளியை நிமிஷத்துக்கொருமுறை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த விலக்குதான் விஷயம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் டோஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. திரை அணைந்து, ஒயர் இல்லாமல், போன் அசையாமல் கிடந்தால், செயலிகளின் கொக்கிகளையெல்லாம் மதிக்காமல் ஒட்டுமொத்தமாகத் தூங்கவைத்துவிடும். இடையிடையே ஒரு சின்ன நேரம் திறந்து எல்லோரும் சேர்ந்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள் என்று விடும். விலக்கு வாங்கிய செயலியின் கொக்கி மட்டும் செல்லும். அரங்கு வீட்டுக்குள் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் எதுவும் தெரியாது. திறந்தவெளியில் சில நொடிகளில் கிடைக்கிற இடக்குறிப்பு அங்கே கிடைக்காமல், தேடி, கைவிட்டு, மறுபடி தேடுவதிலேயே ராத்திரி போயிருக்கிறது. இப்போது இரண்டாம் இரவின் 13க்கும் விளக்கம் கிடைத்துவிட்டது: இந்தப் போனில் ஃபிளைட் மோடு போட்டாலும் ஜிபிஎஸ் அணையாது.

இப்படி வெட்டியாகச் சுற்றும் நிரல் புதிதில்லை. 2015 அக்டோபரில் ஐபோனில் ஃபேஸ்புக் செயலி பின்னணியில் பேட்டரியைக் குடிக்கிறது என்று புகார் கிளம்பியபோது, அந்த நிறுவனமே இரண்டு தவறுகளை ஒப்புக்கொண்டது. வீடியோ பார்த்து முடித்த பிறகும் ஒலி இல்லாத ஆடியோ திறந்தே கிடந்தது ஒன்று. மற்றது, நெட்வொர்க் பகுதியில் முன்னேற்றமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நிரல். அங்கிருந்த பொறியாளர், காரில் உட்கார்ந்து வந்துவிட்டோமா வந்துவிட்டோமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் குழந்தையோடு அதை ஒப்பிட்டிருந்தார். எங்கள் விஷயத்தில் குழந்தையைக் காரில் ஏற்றியதும் நான், வண்டியை விட்டு முதலில் இறங்கியதும் நான்.

செயலியை நீக்கினேன். படச் செயலியையும் நீக்கினேன். அதற்குக் கொஞ்சம் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. காலை வணக்கம் அனுப்பாவிட்டால் உடம்பு சரியில்லையோ என்று நினைப்பார்கள் என்றாள் அம்மா. ஐம்பது படங்களைக் கேலரியில் சேமித்துக் கொடுத்ததும் ஒத்துக்கொண்டாள். வாட்ஸப்பில் மொபைல் டேட்டாவில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்தினேன். யூஎஸ்பி டீபக்கிங்கை மறக்காமல் அணைத்தேன். அதைத் திறந்தே விட்டுவிட்டுப் போவது வாசலைச் சாத்தாமல் தூங்குவது மாதிரி.

ஆறாம் இரவு எல்லாம் வழக்கம்போல், சேஃப் மோடு இல்லாமல், தார்சா ஜன்னலோரம். காலையில் 94.

பேட்டரியையும் ஒருவழியாக அளந்துவிடுவோம் என்று தோன்றியது. மூன்று வருஷத்துக்கு மேல் உழைத்த சாமான். சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவில் சொருகும் யூஎஸ்பி மீட்டர் என்னிடம் இருந்தது. அதில் எம்ஏஹெச் (மில்லிஆம்பியர்-மணி) எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. சார்ஜர் வோல்டேஜை மாற்ற மாற்ற அந்த எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகும். உள்ளே போன மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட்-மணி எண்ணைத்தான் பார்க்க வேண்டும். புதுப் பேட்டரி 5000 எம்ஏஹெச், 3.85 வோல்ட், பெருக்கினால் 19.25 வாட்-மணி. 5 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்ற, மீட்டர் 17.4 வாட்-மணி காட்டியது. வழியில் சூடாகப் போவது 10 முதல் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பேட்டரிக்குள் போனது 14.8 முதல் 15.7. அது 95 சதவீதத்துக்கான கணக்கு என்பதால் முழுதுக்கும் பெருக்கினால், புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் 81 முதல் 86 சதவீதம் வரை இன்னும் இருக்கிறது. குடம் கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது, உண்மைதான். மதியம் மூன்று மணிக்கு வற்றும் அளவுக்கு இல்லை. 1,400 ரூபாயைக் கொடுத்துப் புதுசு போட்டிருந்தால், மூன்று மணிக்கு அணைவது நாலு மணிக்கு அணைந்திருக்கும். கடைக்காரர் டூப்ளிகேட் போட்டுவிட்டார் என்று அவரைத் திட்டியிருப்போம்.

ஊரிலிருந்து கிளம்பிப் பத்து நாளாகிறது. இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு எவ்வளவு இருக்கிறது என்று கேட்பேன். 38, 44, 41 என்று வருகிறது. நேற்று 19 என்றாள். திரும்ப ஏதோ ஏறிக்கொண்டதோ என்று பதறி விசாரித்தால், சித்தி மகள் கல்யாணத்து வீடியோ மூன்று மணி நேரமாம். முழுக்கப் பார்த்திருக்கிறாள்.

ஒரு வேலை பாக்கி. சார்ஜ் போட போன் ராத்திரி இன்னும் அரங்கு வீட்டுக்குத்தான் போகிறது. தார்சாவில் ஜன்னலுக்குக் கீழே ஒரு பிளக் பாயிண்ட் வைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எந்த வாரம் என்று சொல்லவில்லை.